என் வயிற்றுக் கட்டியும் என் வீட்டுக்காரரும்

காலடிப்பேட்டையில் குடியிருந்தபோது எனக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்தது. பெண்ணை வண்ணாரப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி நிம்மதி என்று இருந்த நேரத்தில் என் வயிறு பெருக்க ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுப் பாயம்மா. குழாயடியில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, வயித்துல கீதா?"

"அய்ய, மாசாமாசம் தூரமாவுறேனே! அதுவும் ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்குது. துணி தோச்சே கை ஓஞ்சு பூட்ச்சு."

"சில பேருக்கு அப்டித்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "நான் இன்னா கெய்வனா?" என்று என்னையே கேட்டார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, மாங்காய் வாங்கி வந்து குவித்தார். பெண் வந்து சண்டை பிடித்தாள்: "மாமியார் வூட்ல தல காட்ட முடியல. வயசான காலத்துல இன்னாம்மா இது?"

மாதங்கள் போயின. வயிற்றில் ஒன்றும் உதைக்கவில்லை. இடுப்பு வலித்தது, நடந்தால் மூச்சு வாங்கியது, அடிக்கடி கொல்லைப்பக்கம் ஓடினேன். ஒருநாள் குழாயடியிலேயே மயங்கி விழுந்தேன். பாயம்மா பயந்துபோனாள்.

"இது புள்ள இல்லம்மா. வேற இன்னாவோ. ராயபுரத்துல பொம்பள டாக்டர் கீறாங்க, கெளம்பு."

நான், பாயம்மா, என் வீட்டுக்காரர் மூவரும் ஜட்கா வண்டியில் போனோம். டோல்கேட் தாண்டுவதற்குள் ஒதுங்குவதற்காக வண்டியை நிறுத்திக்கொண்டே வந்தேன். "என் குதிரைக்குக்கூட இத்தினி தபா வராதும்மா" என்றான் வண்டிக்காரன்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

"குழந்தை இல்லைப்பா. கர்ப்பப்பையில கட்டி. அதனாலதான் இவ்வளவு ரத்தம் போகுது. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்."

அவர் பயபக்தியோடு தலையாட்டினார். "சரிங்கம்மா. ஆணா, பொண்ணா?"

"கட்டிப்பா, கட்டி!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "நீ பூட்டா எனுக்கு எவ கொயம்பு வெச்சுத் தருவா?" எனக்கும் சாவுபயம்தான். ஆனால் இந்த மனுஷனை நினைத்தால் நிம்மதியாகச் சாகவும் முடியாது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அவர் பக்கத்தில் நின்றார். வெட்டி எடுத்த கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டினார்களாம்.

"பார்த்தேன்மே. அப்டியே உங்க அண்ணன் மண்ட."

சிரித்தேன். தையல் இழுத்து உயிர் போனது. அழுதுகொண்டே சிரித்தேன். நர்ஸம்மா ஓடிவந்து அவரை வெளியே துரத்தினாள்.

உடம்பு தேற நாளாயிற்று. பெண் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதற்குப்பின் முகத்தில் வெளுப்பு போய்விட்டது, குடத்தோடு மூச்சு வாங்காமல் நடந்தேன். எங்கள் தெருவில் தூரம் நிற்காமல் தவித்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் காதைக் கடித்தார்கள். டாக்டரிடம் போகத் தயங்கியவளைப் பாயம்மாவும் நானுமே ராயபுரம் கூட்டிப் போனோம்.