வருசா வருசம் பிந்தி வருகிறவள்

"…ஓடி வாரதுதான் வாரா, கொஞ்சம் வேகமா வந்தா என்னவாம்? வருசா வருசம் அவனை அடிச்சு முடிச்ச பொறகுதான் வந்து சேருறா!"

டிவியைப் பார்த்து இப்படிச் சண்டை போட்டவர் பக்கத்து வீட்டு அக்கா. மாட்டுப் பொங்கல் மதியம் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எப்படியும் ஒரு சேனலில் போட்டுவிடுவார்கள். மலைமேல் இருக்கிற எங்கள் அரியூர் நாட்டில், எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்றைக்கு என் வீட்டில்தான். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும்.

"ஏனுங்கக்கா, அந்தம்மா எங்கப்பன் காலத்துல ஓடுனவங்க. இனிமே எங்கிருந்து வேகமா ஓடுறது?" என்றேன்.

"நீ சும்மா இரு கண்ணு. நானா இருந்தா முந்தானையை இழுத்துச் சொருகிட்டு ஒரே ஓட்டம்."

படத்தின் கதை சின்னதுதான். பொங்கலன்று பண்ணையாரின் காளை காணாமல் போகிறது. ஊருக்குப் புதிதாக வந்த வண்டிக்காரனைத் தூணில் கட்டி அடிக்கிறார்கள். காளை நின்ற இடத்தைப் பார்த்தவள் ஒருத்திதான். அவள் வரப்பு வரப்பாக ஓடி வருகிறாள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஏனென்றால், படம் எடுத்த மனிதர் ஓர் அடிகூட உடம்பில் விழுவதைக் காட்டவில்லை. சுவரில் சாட்டையின் நிழல் எழும். உடனே அடுப்பில் பால். சத்தம் கேட்கும், பால் கொஞ்சம் ஏறும். மறுபடி சத்தம்; நுரை பானை வாய்க்கு வந்துவிடும். பால் வழிந்து நெருப்பில் சீறும்போது பெண்கள் குலவை போடுவார்கள். அவனுடைய அலறல் அந்தக் குலவைக்குள்தான் இருக்கிறது. கடைசியில் மண்ணில் கறுப்பாக ஒரு திட்டு. அதற்குச் சிவப்பை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வருசம் அந்தக் குலவைக்கு நடுவே வேறொரு அலறல் கேட்டது. டிவி சத்தத்தைக் குறைத்தேன். அலறல் குறையவில்லை.

ஓடினோம். பஸ் நிற்கிற இடத்துப் பலாமரத்தடியில் ஒருவனைக் கீழே தள்ளிப் போட்டிருந்தார்கள். கீழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு மலையேறி வந்தவன். ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறான். அக்காவின் கொழுந்தனார் காயவைத்திருந்த மிளகில் ஒரு மூட்டையைக் காணோம். அவர் தேடிக்கொண்டு வந்தபோது, இவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தானாம். அந்தக் கால்தான் சாட்சி.

எங்களூரில் மிளகுக் கொத்தைச் சாக்கில் கொட்டி, காலால் மிதித்துத்தான் மணியை உதிர்ப்போம். மிதித்த குதிகால் கறுத்துப்போகும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் வாடை நாலு நாளைக்கு நிற்கும். தை மாதத்தில் எங்கள் எல்லோருக்கும் அதே கால்தான்.

"கீழ இருந்து வந்தவனுக்குக் கால்ல எங்கிருந்துடா மிளகு வாசம்?" கொழுந்தனார் கையில் மூங்கில் தடி. கெண்டைக்காலில் இறக்கினார். காய்ந்த மரவள்ளிக் குச்சியை முறித்தது போலக் கேட்டது. வாயில் விழுந்த அடியில் பல் தெறித்தது. இங்கே நாம் நிறம் போட வேண்டியிருக்கவில்லை. மண் சிவப்பாகவே நனைந்தது.

"அக்கா ஊட்டுலதானுங்க மிதிச்சேன்… கூலிக்குங்க…"

"எந்த அக்காடா?"

"அக்காங்க…"

"இங்க எல்லாருமே அக்காதான்டா!" மறுபடியும் அடி.

பாவம், அவனுக்கு வேறு பெயர் தெரியாது. நான் கொழுந்தனாரின் கையைப் பிடிக்கப் போனேன். எவனுடைய முழங்கையோ என் உதட்டைக் கிழித்தது. சற்று முன் என் வீட்டில் படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னே போனார்கள்.

"தலையைப் பிடிங்கடா," என்று கொழுந்தனார் தடியை உயர்த்தினார்.

அப்போதுதான், பின்னால் ஓடிவந்த அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முந்தானை இடுப்பில் சொருகியிருந்தது. அவனுக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார். இறங்கிய தடி அவர் தோளில் விழுந்தது.

"போகியன்னைக்கு என் ஊட்டு மிளகைத்தான் மிதிச்சான். பொழுதுக்கும் என்கூட நின்னு மிதிச்சான்."

"நீங்க நகருங்க அண்ணி. உங்களை இளிச்சவாயின்னு நெனச்சு உங்க ஊட்டைச் சொல்றான். அவன் காலே சொல்லுதுல்ல!"

"காலு சொல்லுதா, சாமி?"

கொழுந்தனார் அவரை இழுத்து நகர்த்தக் குனிந்தார். கொழுந்தனார் வாசலில் வந்தாலே காலை மடக்கிக்கொண்டு எழுந்து நிற்கிற அக்கா, இத்தனை வருசத்தில் அவர் எதிரே ஒரு தடவை கூடக் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தனை பேர் பார்க்க, உட்கார்ந்தபடியே வலது காலைத் தூக்கி, மிளகு மிதித்துக் கறுத்த குதிகாலை அவர் மூக்கோடும் வாயோடும் சேர்த்து வைத்து அழுத்தினார்.