மன்னரைத் தாடி வளர்க்கச் சொன்னவள்

அரச நாடகத்துக்கு வரலாற்று ஆலோசகராக இருப்பது, கலியாண வீட்டுச் சமையலறையில் உப்பைக் குறைக்கச் சொல்லும் வைத்தியராக இருப்பதைப் போன்றது. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், உப்பு மட்டும் குறையாது.

இளவரசியின் புஜத்தில் அம்மைப்பால் குத்திய தழும்பைக் கண்டு ரீவியை நிற்பாட்டியவர்களே, மந்திரியின் வேட்டிக் கரையில் ஆலை முத்திரையை வாசித்துவிட்டு நித்திரை வராமல் புரண்டவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் வேதனை விளங்காது.

அது யுத்த காலம். நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன், வீடு வெள்ளவத்தையில். இயக்குநர் நடேசன் ஒரு நாள் வந்து, ரீவிக்குப் பதின்மூன்று வாரத் தமிழ் நாடகம் எடுக்கப்போவதாகச் சொன்னார். பறங்கியர் வருவதற்கு முந்நூறு வருஷம் முந்திய ஒரு ராசாவின் கதை. ராசாவும் போரும் முழுக்கக் கற்பனை. ஆனால் அந்த ராசா உண்ணும் சோறும் உடுக்கும் துணியும் கற்பனையாக இருக்கக்கூடாது, அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஓம் என்றேன்.

பட்டத்தரசியின் ஜோர்ஜெட்

முதல் சனிக்கிழமை. கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு எடுத்த கலியாண மண்டபத்தில் மட்டைத் தூண்கள் நிறுத்தி அரண்மனை போட்டிருந்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு பட்டத்தரசி வந்தா. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். ஊதா நிறப் பூப்போட்ட ஜோர்ஜெட் சேலை, அதற்குப் பொருத்தமாகப் பின்பக்கம் ஊக்கு வைத்துத் தைத்த சட்டை, காலில் குதி உயர்ந்த செருப்பு.

செருப்பைக் கழற்றவைத்தேன். சேலைதான் அசையவில்லை. நாடகத்துக்குப் பணம் போட்டவர் புறக்கோட்டையில் சேலைக்கடை வைத்திருந்த முதலாளி. கைத்தறி நூல் சேலைதான் அந்தக் காலம், ஜோர்ஜெட் என்ற பேரே அன்றைக்குப் பிறக்கவில்லை என்று அவருக்கு அரை மணித்தியாலம் பாடம் எடுத்தேன். என் மாணவிகளைவிடப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

“டீச்சர், அந்தக் காலத்து ராணி எங்கட கடைக்கு வந்திருந்தா, இதைத்தான் எடுத்திருப்பா.”

விருந்தில் பழங்கள்

சாமான்களுக்குப் பொறுப்பு வின்சன்ட். முகத்துவாரத்து ஆள், எதைக் கேட்டாலும் ஒரு மணித்தியாலத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்துவிடுவார். அரச விருந்துக் காட்சிக்கு அவர் பரப்பிவைத்திருந்த மேசையைப் பார்த்து எனக்கு மயக்கம் வராத குறை. நடுவில் கிரீடம் வைத்த மாதிரி அன்னாசி. பக்கத்தில் பப்பாசி. கிண்ணம் நிறையச் செத்தல் மிளகாய்.

எல்லாம் பறங்கியர் கப்பலில் வந்த சாமான், அவர்கள் வர இன்னும் முந்நூறு வருஷம் கிடக்கிறது என்று சொல்லி ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பலாவும் மாம்பழமும் வாழைக்குலையும் மட்டும் மிஞ்சின. மிளகாய்க் கிண்ணத்தை நான் எடுத்தபோதுதான் வின்சன்டின் முகம் விழுந்தது. கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“மிஸ், அப்ப நம்ம ஆக்கள் உறைப்பே இல்லாமலா சண்டை புடிச்சாங்க?”

தாடி

ராசாவாக நடித்தவர் சிவபாதம். துறைமுகத்தில் கிளாக், வத்தளையில் வீடு. நேரில் பேசினால் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கமராவுக்கு முன்னால் நின்றால் மண்டபத்து ஓடு அதிரும். குறை ஒன்றே ஒன்று, முகம் மழுமழு என்றிருக்கும். பசை போட்டுத் தாடி ஒட்டினார்கள். லைட் சூட்டில் பசை இளகி, இரண்டாம் வாரம் ராசா போர்ப் பிரகடனம் செய்யும்போது இடப்பக்கத் தாடி மெதுவாகக் கிளம்பிக் காற்றில் ஆடியது. அது அப்படியே ஒளிபரப்பானது. திங்கட்கிழமை வகுப்புக்குள் போனால் நாற்பது பிள்ளைகளும் கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கே நான் நடேசனிடம் சத்தம் போட்டேன். ஒட்டு வேலை வேண்டாம், ராசா தாடி வளர்க்கட்டும் என்றேன். சிவபாதம் மறுபேச்சுப் பேசவில்லை. ஒன்றரை மாதத்தில் கன்னமும் மோவாயும் மூடிய கருந்தாடி வந்தது. கல்லில் செதுக்கிய உருவம் எழுந்துவந்த மாதிரி இருந்தார். நான் பூரித்துப்போனேன், மறைக்க மாட்டேன்.

அவருடைய மனைவி தவமணி மட்டும் பூரிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவருக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்தவ, என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டா. அந்த நாளில் களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். சிவபாதத்தின் அட்டைப் படத்தில் தாடி இல்லை. தவமணி கோபப்படாமல்தான் சொன்னா:

“டீச்சர், உங்கட ராசாவுக்குத் தாடி வேணும், சரி. ஆனா பாலத்தில இறங்கி நிக்கிறது என்ர மனுசன்.”

நான் சிரித்துச் சமாளித்தேன். நினைக்க இன்றைக்கும் கூசுகிறது.

என் ஒரே வெற்றி

எட்டாம் வாரம் முதலாளி ஊரில் இல்லாத சமயம் பார்த்து, பட்டத்தரசிக்குக் காவி நிறக் கைத்தறிச் சேலை உடுத்திவிட்டேன். பதின்மூன்று வாரத்தில் முதலாளியிடம் நான் வென்ற ஒரே சண்டை அதுதான். அது ஒளிபரப்பான அடுத்த நாள் வெள்ளவத்தைச் சந்தையில், வழக்கமாக எனக்கு மரக்கறி தரும் பதுளைப் பக்கத்து அம்மா என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தா. ஒரு வார்த்தை பாராட்டு வரும் என்று நின்றேன்.

“ஏன் மிஸ், அந்த ராசா அம்புட்டுக் கஞ்சனா? பொண்டாட்டிக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுக்கக் கூடாதா?”

ஒக்கொம பொரு

பத்தாம் வாரம். ஒத்திகையில் சிவபாதம், “வடக்கு வாசலைத் தாக்குங்கள்!” என்று முழங்கியபடி தெற்கே கையை நீட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பெரிய தாளில் போர்க்களத்தை வரைந்தேன். அரண்மனை, நான்கு வாசல்கள், ஆறு, படகுகள் ஒளிந்திருக்கும் இடம், படை நகரும் பாதைக்குச் சிவப்பு அம்புக்குறிகள். மூலையில் திசைக்குறியும் அளவுத்திட்டமும் போட்டேன். பஸ்ஸில் வரும்போது பார்த்துப் பாடமாக்குங்கோ என்று மடித்து அவர் கையில் கொடுத்தேன். கடவுளே, நான்தான் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ராசா வரவில்லை. ஒன்பது மணி, பத்து மணி. பதினொரு மணிக்கு மண்டபத்து ரெலிபோனில் தவமணி அழைத்தா. பாலத்தில் தாடிக்காக மறித்திருக்கிறார்கள், பையைத் திறந்திருக்கிறார்கள், நான் வரைந்த படத்தைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் நாலு மணித்தியாலம். நடேசனும் நானும் வின்சன்டும் ஓடினோம். அத்தாட்சிக்கு இருக்கட்டும் என்று வின்சன்ட் ராசாவின் மகுடத்தை ஒரு அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

சிவபாதம் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டும் தலையை நிமிர்த்தவில்லை. பொறுப்பதிகாரி நரைத்த மனிதர், சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நாலு மணிக்கு இவரை வேறு இடத்துக்கு அனுப்பப்போகிறோம் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த வேறு இடத்துக்குப் போனவர்களைப் பற்றி எங்கள் தெருக்களில் யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நாடகம் என்றேன், ராசா என்றேன், நான் சரித்திர டீச்சர் என்றேன், வின்சன்ட் மகுடத்தை மேசையில் வைத்தார். அதிகாரி அதை விரலால் தட்டிப் பார்த்தார். “இது மட்டை என்று பார்த்தவுடனேயே தெரிகிறது,” என்றார். “இந்தத் தாடியும் இந்தப் படமும் மட்டும் நிசமாக இருக்கின்றனவே?”

அந்த நாடகத்தில் நிசமாக இருந்தவை அந்த இரண்டும்தான். இரண்டும் என் வேலை.

“இந்த அரண்மனை எங்கே இருக்கிறது?” என்று படத்தில் விரலை வைத்துக் கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். “ஆறு?” இல்லை. “ராசா?” அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. “நீங்கள் சரித்திர டீச்சர்தானே, இதில் எது சரித்திரம்?” பதினொரு வாரமாக ஒவ்வொரு ஊக்குக்கும் ஒவ்வொரு பழத்துக்கும் சண்டை பிடித்த நான், மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “ஒக்கொம பொரு, மஹத்தயா,” என்றேன். எல்லாம் பொய் ஐயா, ஒரு சொல்லும் உண்மை இல்லை.

அதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். இந்த ராசா, இந்தப் போர், இந்த அரண்மனை, இந்த ஆறு எதுவும் உண்மை அல்ல, யாவும் நான் கற்பனையாக வரைந்தவை என்று ஒரு முழுப் பக்கம் எழுதி, பாடசாலைப் பேரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பிறகு ஒரு கான்ஸ்டபிள் சவர்க்காரமும் பிளேட்டும் கொண்டுவந்தார். பின்பக்கத்துக் குழாயடியில் சிவபாதம் தானே தாடியை வழித்தார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். அதிகாரி அட்டையையும் முகத்தையும் சேர்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார். வாசலைத் தாண்டும்போது என்னை மட்டும் திரும்ப அழைத்துச் சொன்னார்:

“டீச்சர், இனிமேல் இவ்வளவு சரியாக வரையாதீர்கள்.”

ஒட்டுத் தாடி

இன்னும் இரண்டு வாரக் கதை மிச்சம் இருந்தது. சிவபாதம் இனி வரமாட்டார் என்றே நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்து, வெட்டுக்காயத்துக்கு மேலேயே பசை பூசச் சொல்லி முகத்தைக் கொடுத்தார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவரை நேராகப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வெற்றி விழாக் காட்சி. வழக்கம்போல லைட் சூடேறியது, வழக்கம்போல இடப்பக்கத் தாடி கிளம்பியது. ராசா தெற்கே கையை நீட்டி வடதிசை வெற்றியைப் பாடினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. நடேசன் கட் சொன்னதும், சிவபாதம் தொங்கும் தாடியைக் கையில் பிடித்தபடி என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. தன் வழக்கமான சின்னக் குரலில் கேட்டார்:

“டீச்சர், பிழை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு.”

உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளை உருட்டி மிரட்டிப் படிப்பித்தவள் நான். ஆனால் என் கையால் எழுதியவற்றில் ஒரு மனுசனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது, எல்லாம் பொய் என்று எழுதிக் கையெழுத்து வைத்த அந்த ஒரு பக்கம்தான்.