லாஸ்ட் என்று ஒரு சொல்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "நீ லாஸ்ட்டுக்குப் போம்மா" என்றார். புதிதாக வந்த பெண்கள் எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தோம். நான் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். வரிசை கரைந்து நான் மட்டும் மிஞ்சினேன். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அது வித்தியாசமாகவும் படவில்லை. ஒடுகத்தூர் தாண்டி ஒரு ஊரிலிருந்து விடியலில் கம்பெனி பஸ் ஏறி வந்த தூக்கம் இன்னும் கண்ணில் இருந்தது. மலையடிவாரத்துப் பனி, பஸ் ஜன்னலில் நெற்றி இடித்தது, நிலக்கடலைக் கொல்லைகள் பின்னால் போனது எல்லாம் நின்றபடியே மறுபடி ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு பெண் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்தாள்.

"இன்னாம்மா இங்க நிக்கிற? லாஸ்ட்டுக்குப் போவச் சொன்னாங்க இல்ல?"

"லாஸ்ட்லதான்க்கா நிக்கிறேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த லாஸ்ட் இல்ல. வா எங்கூட."

அவள் முன்னால் நடந்தாள். இடது கால் சற்று பின்தங்கியே வந்தது. ரப்பர் செருப்பு ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் லேசாகவும் தரையில் பட்டது. கதவைத் தள்ளியதும் உள்ளே ரேக் ரேக்காகப் பாதங்கள். பச்சை, மஞ்சள், நீலம் என்று பிளாஸ்டிக் பாதங்கள். விரல் பிரியாமல், வழவழவென்று, கணுக்காலோடு நின்றுவிட்டிருந்தன. உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் அவற்றின் மேல் சாய்ந்து விழுந்தது. மீதி உடம்புகள் அடுத்த பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதுபோலவும், இவை மட்டும் முந்தி வந்து காத்திருப்பதுபோலவும் இருந்தது.

"இதுக்குப் பேருதான் லாஸ்ட். இது மேல தோலை இழுத்துப் போட்டாதான் ஷூக்கு உருவம் வரும்" என்றாள்.

அவளை எல்லாரும் ஆபா என்று கூப்பிட்டார்கள். உருதுவில் அக்கா. நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். ஆம்பூர்க்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். தைத்து வரும் மேல்தோலை அவள் சூடுகாட்டி இளக்கித் தருவாள், நான் வாங்கி லாஸ்ட்டின் மேல் இழுத்துப் படிய வைப்பேன். எங்கள் கைகளுக்கு நடுவே நாள் முழுக்கத் தோல் வெதுவெதுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஹாலில் லாஸ்ட் என்ற சொல் காதில் விழாத நேரமே கிடையாது. லாஸ்ட் மந்த் ஆர்டர், லாஸ்ட் பீஸ், லாஸ்ட் வார்னிங். என் மனதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதங்களே எழுந்து வரும். "லாஸ்ட் பஸ் போய்டுச்சு" என்று யாராவது சொன்னால், ஜன்னலோரம் மஞ்சள் பாதங்கள் உட்கார்ந்து ஊர் போய்ச் சேருவது தெரியும். பசை வாடையும் மதியச் சூடும் சேர்ந்த மயக்கமாக இருக்கலாம்.

ஒருநாள் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஆபா கையிலிருந்த முடிந்த ஷூவை வாங்கி, வளைத்து, முறுக்கிப் பார்த்து, "வில் இட் லாஸ்ட்?" என்று கேட்டார்.

"லாஸ்ட் எடுத்தாச்சு சார்" என்றாள் ஆபா. உள்ளே கைவிட்டுக் காலியாக இருப்பதைக் காட்டவும் செய்தாள்.

அவர் விழித்தார். சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஷூ ரொம்ப நாள் உழைக்குமான்னு கேக்கறாரு" என்றார்.

"அதுக்கும் லாஸ்ட்டா?" என்றாள் ஆபா. "உழைக்கும்னு சொல்லுங்க சார். நாங்களே உழைக்கிறோம், அது உழைக்காதா?"

அன்று சாயங்காலம் கேட் வரைக்கும் அவள் அதையே பேசிக்கொண்டு வந்தாள். "முடிஞ்சு போறதும் லாஸ்ட், முடியாம இருக்கறதும் லாஸ்ட். இன்னா பேஜாரான பாஷைம்மா இது?" என் பஸ் கிளம்பிய பிறகும் அவள் அங்கேயே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழைக்கு முன்பு அவளுக்குப் பேரணாம்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்பவர். முன்பு வந்தவர்கள் எல்லாரும் காலைப் பற்றித் தெரிந்ததும் போய்விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்தபோது நானும் ஆபா வீட்டில் இருந்தேன். காலை உள்ளே மடக்கி உட்காரச் சொல்லி ஆபாவின் அம்மா கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆபா கொஞ்ச நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். டீ வந்ததும், இடது காலை எடுத்துப் பாயின் மேல் நீட்டினாள். மற்றதைவிடச் சின்னது, மெலிந்தது, ஒரு சிறுமியின் பாதம் போன்றது.

உருதுவில் பேசினாள். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, அதையே தமிழிலும் சொன்னாள். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து இந்தக் கால் வளரல. இப்பவே பாத்துக்குங்க. அப்புறமா பாத்து யாரும் வருத்தப்பட வேணாம்."

டீ மேல் ஏடு படிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மெல்ல முன்னால் குனிந்து, அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்தார்.

"வலிக்குமா?"

"மழை வந்தா கொஞ்சம் வலிக்கும்."

"எனக்கும் மழைன்னா முட்டி வலிக்கும்" என்றார் அவர். பிறகு ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். ஆபாவின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நிக்காஹ்வுக்கு நாள் குறித்த பிறகு, மேல்தோலைச் சூடுகாட்டிக்கொண்டே ஆபா என்னிடம், "எனக்கு ஒரு ஷூ வேணும்" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் மூடின ஷூ போட்டதில்லை. இடது செருப்பில் துணி வைத்துக் கட்டித்தான் நடப்பாள்.

"கால் தெரியக்கூடாதுன்னா ஆபா?"

"தெரிஞ்சா தெரியட்டும். அதான் எல்லாரும் பாத்தாச்சே. எத்தனை காலுக்குப் போட்டிருப்போம் நாம? எனக்கு ஒரு தடவ போட்டுப் பாக்கணும்."

அவளே மேனேஜரிடம் போய்க் கேட்டாள். அவர், மாதிரி ஷூ செய்யும் சாம்பிள் அறைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சாம்பிள் அறைக்காரர் அதிகம் பேசமாட்டார். ஆபாவைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பென்சிலால் இரண்டு பாதங்களையும் சுற்றி வரைந்தார். வலது காலுக்கு அவள் அளவில் ஒரு லாஸ்ட் கிடைத்தது. இடது காலுக்குச் சிறுமிகள் அளவில் ஒன்றை எடுத்து, மேலே தோல் துண்டுகளை ஒட்டி, அரத்தால் தேய்த்து, மறுபடி ஒட்டி, அவள் பாதத்தின் மேடும் பள்ளமும் வரும்வரை விடவில்லை. அது ரேக்கில் வந்து உட்கார்ந்தபோது நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பாதங்களுக்கு நடுவே, எனக்குத் தெரிந்த ஒருத்தியின் பாதம்.

ஒரு மதிய இடைவேளையில் அதன் மேல் தோலை நான்தான் இழுத்தேன். பாலாடை நிறத்தில் மிச்சத் தோல். அன்றும் சூடுகாட்டித் தந்தது ஆபாதான். முனையில் மடிப்பு விழாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடது பக்கம் அடியில் தக்கை வைத்து உயரம் கொடுத்தார் சாம்பிள் அறைக்காரர். பசை காய்ந்து, லாஸ்ட்டை வெளியே எடுத்து, இரண்டையும் அவள் முன்னால் வைத்தோம்.

அவள் போட்டுக்கொண்டு மேசையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கையை விட்டாள். ரேக்குகளுக்கு நடுவே அந்தக் கோடி வரைக்கும் நடந்து போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்கள்.

"கேக்குதா?" என்று அங்கிருந்து கத்தினாள். "ரெண்டு காலும் ஒரே மாதிரி சத்தம் போடுது! கேக்குதாடீ?"

கேட்டது. மெஷின்கள் நின்றிருந்த ஹாலில் அது ஒன்றுதான் கேட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள். எனக்குச் சூடுகாட்டித் தர வேறொரு பெண் வந்தாள். அந்த ஷூ ரொம்ப நாள் உழைக்கவில்லை. ஆபா அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள், மாடிப்படி ஏறினாள், மழையில்கூட நடந்தாள். ஒருநாள் போன் செய்து, "முன்னாடி வாயைப் பொளந்துச்சு" என்று சிரித்தாள். லாஸ்ட் சாம்பிள் அறையில் பத்திரமாக இருந்தது. அடுத்த ஜோடியைக் கறுப்புத் தோலில் இழுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பேரணாம்பட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவள் அதை அங்கேயே போட்டுக்கொண்டு, என்னைப் பஸ் ஏற்ற வருகிறேன் என்று ஆம்பூர் வரைக்குமே வந்துவிட்டாள். கூட அவள் கணவரும் வந்தார். மேலே எங்கோ நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. பாலத்தில் வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதும் மணலும் முள்ளுமாகக் கிடக்கும் இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் அகலமாகப் போனது.

"இவ்ளோ தண்ணியா!" என்றார் அவள் கணவர்.

ஆபா கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு, கிழக்கே அது போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்து முனையில் என் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, கிளம்பியும் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.