ரஹ்மத்தம்மா சுமந்த பழி

எங்கள் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. முன்பு சங்கரன்கோவிலில் பிசியோதெரபி பார்த்துவந்த ரஹ்மத்தம்மா மாரடைப்பில் போய்விட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். "அந்தம்மாகிட்ட மட்டும் போயிராதீங்க" என்று சொல்லித் திரிந்தவர்களின் கைகளும் அதில் இருந்தன. செத்தபின் எல்லோரும் நல்லவர்கள்தானே. நானும் ஒரு படம் போட்டேன், உடனே அழித்தேன். அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியது வேறு.

நான் உடற்கல்வி ஆசிரியர். பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்குக் கயிறிழுக்கும் போட்டி. வலக்கால் முன்னே வழுக்கி நீண்டது. பிட்டத்துக்கு அடியில் ஏதோ தெறித்தது. பின்தொடையின் தசைநாண் எலும்பை விட்டு அறுந்துவிட்டது என்று திருநெல்வேலியில் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். அறுவை செய்து எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். உட்கார முடியாமல் குப்புறக் கிடந்த வாரங்களுக்குப் பிறகு ரஹ்மத்தம்மாவிடம் போனேன்.

கடையநல்லூர்க்காரர். அதட்டமாட்டார்; விடவும் மாட்டார். ஊன்றுகோலை வீசிவிடத் துடித்த என்னிடம், "தச்சது டாக்டரு அண்ணாச்சி, ஒட்டுதது உங்க பொறுமயிலதான் இருக்கு" என்றார். செருப்பு வாரை மாட்டக் குனிந்ததற்கு ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அறுவை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆடித்தபசுத் திருவிழா வந்தது. கால் தேறினால் கோமதியம்மன் கோயில் பிரகாரத்தில் நூற்றெட்டு ஆடிச்சுற்று சுற்றுவதாக நேர்ந்திருந்தேன். அவரிடம் சொன்னேன். "நாலு சுத்து மெதுவா நடங்க. மிச்சத்த அடுத்த ஆடிக்கு வச்சுக்கிடுங்க. அம்மன் கோவிச்சுக்கிட மாட்டா. ஓட மட்டும் ஓடிராதீங்க" என்றார். என் நேர்த்திக்கடனில் இவர் என்ன சொல்வது என்று எனக்குள் ஓர் அற்பப் புத்தி. இப்போது மறைத்து என்ன பயன்? கோயிலில் என் வயதுக்காரர்கள் இரண்டு பேர் என்னைக் கடந்து ஓடினார்கள். பி.டி. வாத்தியாருக்கு வீம்பு பொத்துக்கொண்டு வந்தது. நானும் ஓடினேன். முப்பதாவது சுற்றில் அதே இடம் தெறித்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்து காலைத் தொட்டுப்பார்த்த ரஹ்மத்தம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "வீட்டுல சொல்லிராதீங்கம்மா."

"சொல்லல அண்ணாச்சி."

மனைவியிடம் நான் சொன்ன கதை வேறு. நாலு சுற்றுதான் நடந்தேன், ரஹ்மத்தம்மா கொடுத்த பயிற்சியிலேயே தையல் விட்டுப்போயிருக்கும் என்றேன். அவருடைய கிளினிக்கில் என் ஸ்கேன் படங்களை வாங்க இருவரும் போனபோது அவள் நோயாளிகள் முன்னால் வெடித்தாள். "நாலு சுத்து நடந்ததுக்கா அறும்? நீங்க போட்டு இழுத்ததுலதான் போச்சு!" ரஹ்மத்தம்மா என்னை ஒருமுறை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் படங்களை எடுத்து நீட்டினார்.

ஊருக்கு அது போதாதா? அவர் மதத்தையும் சேர்த்துப் பேசினார்கள், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆறே மாதத்தில் அறையைக் காலி செய்துவிட்டுப் புளியங்குடிக்குப் போனார்.

இரண்டாவது அறுவைக்குப் பின்னும் என் நடை நேராகவில்லை. ஒருமுறை புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். ஒதுங்கப் பார்த்தேன். "குதிகால ஊனி நடங்க அண்ணாச்சி. இப்படிச் சாஞ்சு நடந்தா முதுகும் போயிரும்" என்றார். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. சங்கரன்கோவில் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். பாவி நான்.

எனக்குக் கொடுத்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். இன்று காலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

"அந்தம்மாவ என் வாயாலல்லா ஏச வச்சிட்டியளே" என்றாள்.