பக்கத்து வரிசை

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க இரண்டு வரிசை நிற்கும். ஒன்று சாமியாரிடம் போகும், மற்றது என்னிடம் வரும். வாரநாட்களில் எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்குக் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த ஊழியம்.

என் வரிசையில் பாதிவரை வந்து, என்னைப் பார்த்ததும் சாமியார் வரிசைக்குத் தாண்டிவிடுகிற ஒருவர் இருந்தார். கோலார் தங்கவயல்காரர், பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். "பொம்பள கையால நான் வாங்கமாட்டேன்" என்று ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னவர். நாலு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் தாண்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நற்கருணைக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே மனசுக்குள் திட்டுவேன். அதற்காகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, அடுத்த வாரமே மறுபடி திட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் மனைவி போன் செய்தார். கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று ஊருக்கே தெரியும்.

"திங்கக்கிழமை ஆபரேஷன்மா. அப்புறம் டியூப்லதான் எல்லாம், வாய் வழியா ஒண்ணும் போகாதாம். அதுக்கு முன்ன ஒரு தடவ நன்மை வாங்கணும்னு துடிக்கிறாரு. சாமியாரு தியானத்துக்குப் போயிருக்காராமே."

"செவ்வாய்க்கிழமைதான் வருவாரு ஆன்ட்டி. நான் வந்தா வாங்கிப்பாரா?"

"நீ வாம்மா" என்றார்.

நற்கருணை அப்பம் வைத்த சிமிழைக் கழுத்தில் மாட்டி ஆட்டோ ஏறினேன். ஓசூர் ரோட்டில் பைக்கில் ஒருத்தன் ஆட்டோவை உரசிக்கொண்டு போனான். வாய்வரை வந்ததை விழுங்கினேன். அப்பமாகச் சாமி நெஞ்சில் இருக்கும்போது எப்படித் திட்டுவது? ஆனால் என் பயமெல்லாம் ஃபோர்மேனைப் பற்றித்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், சாமியை அப்படியே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஹெப்பகோடியில் அவர்கள் வீடு வரும்வரை அந்த அவமானத்தையே நினைத்துக்கொண்டு போனேன்.

கட்டிலருகே ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார் ஆன்ட்டி. கட்டிலில் அவர் பாதியாகிப் போயிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் பின்னால் கதவைப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை.

ஜெபம் சொன்னேன். தொண்டை தாங்காது என்று அப்பத்தைப் பாதியாக உடைத்து நீட்டினேன். "கிறிஸ்துவின் திருவுடல்."

அவர் உதடு இறுகியே இருந்தது. என் கை அந்தரத்தில் நின்றது. போய்யா என்று எழுந்துவிடலாம் போல இருந்தது. "என்னங்க..." என்றார் ஆன்ட்டி, அழுகிற குரலில்.

வாய் திறந்தது. வாங்குகிறவர் சொல்ல வேண்டிய ஆமெனைச் சொல்லவில்லை. நாக்கில் வைத்தேன். அடுத்த நொடி இருமல் பிடித்துக்கொண்டது. அப்பம் எச்சிலும் சளியுமாக வெள்ளைத் துணியில் வந்து விழுந்தது.

இப்படி ஆனால் தண்ணீரில் கரையவிட்டுக் கோவிலுக்குக் கொண்டுவரலாம், இல்லையென்றால் நீங்களே உட்கொள்ளலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆன்ட்டி தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்தார். எனக்குக் குமட்டியது. பொய் சொல்லவில்லை, குமட்டியது. டம்ளருக்குக் கை நீட்டிவிட்டேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் நின்றது. தன்னைத் தாண்டிப் போகிறவரை வரிசையின் முன்னால் நின்று பார்க்கிற பார்வை அது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும், நாலு வருஷம் என்னுடையதாக இருந்தது.

துணியிலிருந்து அதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கினேன்.

"ஆமென்" என்றார் அவர். காற்றாகத்தான் வந்தது.

சிமிழில் மீதிப் பாதி இருந்தது. நகக்கண் அளவு கிள்ளினேன். நான் கையை நீட்டுவதற்கு முன்பே அவர் வாயைத் திறந்திருந்தார். ஆன்ட்டி ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் தொண்டையையே பார்த்தோம். அது ஒருமுறை ஏறி இறங்கியது.