இலக்கமில்லாத மணிக்கூடு

மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கும்போது பெருவிரல் நுனியில் ஏறுகிற அந்தக் கரகரப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பது வசதியான ஆண்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். நான் கொட்டாஞ்சேனையில், ஒற்றை அறை வீட்டில், பிஸ்கட் டின் ஒன்றுக்குள் பதினொரு மணிக்கூடுகள் வைத்திருந்தவள்.

அம்மா வெள்ளவத்தையில் மூன்று வீடுகளில் வேலை செய்தார். அந்த வீட்டுக்காரர்கள் பற்றரி மணிக்கூட்டுக்கு மாறியபின் வீச எடுத்துவைத்த "சாவி மணிக்கூடு"களை எனக்காகக் கேட்டு வாங்கி வருவார். ஒன்று குப்புறக் கிடந்தால் மட்டும் ஓடும். இன்னொன்று கையில் கட்டியதும் நின்றுவிடும். கடற்காற்று பட்ட ஒன்றின் கண்ணாடிக்குள் எப்போதும் வியர்வை. ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று. அதைக் கட்டிக்கொண்டுதான் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சைக்குப் போவதாக இருந்தேன். ஏனென்றால் தவணைப் பரீட்சையில் நேரம் தெரியாமல் கணக்கில் கடைசி மூன்று கேள்விகளைத் தொடாமலே விட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் யாரும் ஓ.எல். வரை போனதில்லை.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, மங்கிக் கிடந்த அதன் முகத்தை "மினுக்க" ஆசைப்பட்டு, தளர்ந்திருந்த கண்ணாடியைக் கழற்றி, பஞ்சில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் தொட்டு ஒருதரம் துடைத்தேன். பன்னிரண்டு இலக்கங்களும் பஞ்சோடு வந்துவிட்டன. வெறும் வெள்ளைத் தட்டில் முட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு மேரி அக்கா வாசலில் நின்று சிரித்தார். "படிச்ச புள்ள செஞ்ச வேலையப் பாருங்க. மணிக்கூட்டுக்கு மொட்டை அடிச்சிருக்கு."

வேலையால் வந்த அம்மா, அழுதுகொண்டிருந்த என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார். "ஆறாகப் போவுது, சோத்த வைக்கணும்."

"எப்பிடிம்மா பாத்தீங்க? நம்பரே இல்லையே."

"நம்பர் எனக்கு எப்பத் தெரிஞ்சிச்சு? முள்ளு நிக்கிற சாய்வப் பாத்துத்தானே தெனமும் பஸ்ஸுக்கு ஓடுறேன்." பிறகு மேரி அக்காவின் பக்கம் திரும்பி, "மொட்டையோ கிட்டையோ, ஓடுதுல்ல. அதையே கட்டிக்கிட்டுப் போவா," என்றார்.

கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை இது, இதில என்னண்டு நேரம் பாக்கிறது?"

"எனக்குத் தெரியும் டீச்சர்."

முள் சாயச் சாயப் பார்த்து எழுதினேன். கணக்கில் ஒரு கேள்வியும் விடவில்லை.

இன்று என்னிடம் முப்பது மணிக்கூடுகளுக்கு மேல் உண்டு. சேகரிப்பவர்கள் கூடும் இணையக் குழுவொன்றில் அந்த மொட்டை மணிக்கூட்டின் படத்தைப் போட்டேன். முகம் அழிந்தால் மதிப்பே போய்விட்டது, புதிதாக இலக்கம் அச்சடித்துக்கொள் என்று ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். அச்சடிக்க மாட்டேன். எங்கள் வரிசை வீடுகள் நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி. மேரி அக்கா ஹெந்தளைக்குப் போய்விட்டார். பிஸ்கட் டின் துருவேறி உதிர்ந்துவிட்டது. கைபேசி வாங்கிக் கொடுத்தேன், அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல முள்ளு எங்க?" என்று வைத்துவிட்டார். ஆகவே காலையில் நான் சாவி கொடுத்துக் கட்டிவிடுகிற அந்த மணிக்கூடு நாள் முழுதும் அவர் கையில்தான் இருக்கிறது. மதிப்பில்லை என்பவர்கள் வந்து அம்மாவிடம் மணி கேட்டுப் பார்க்கட்டும்.