சந்தனக்காப்பு கண்ட ரிவால்வர்

ரிவால்வருக்குச் சந்தனக்காப்புச் செய்து, அது இயங்காமல் நின்றதும் உள்ளே விளக்கெண்ணெயும் ஊற்றிய மடையன் நான். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு இது தெரியும். தெரியாத நண்பர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனைப் பற்றி எழுத வீட்டில் வேறு ஆள் இல்லையா என்று கேட்காதீர்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை.

அண்ணன் பிறந்தது அரும்பாவூரை ஒட்டிய எங்கள் காட்டுக் கொட்டாயில். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, அண்ணன் சின்ன வெங்காயக் காட்டில் கூலிக்கு நின்று என்னைப் படிக்க வைத்தார். படிப்பு எனக்கு ஏறவில்லை; அது அவர் குற்றமன்று. பின்னர் ராணுவத்தில் சேர்ந்து, துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றார். உரிமத்துடன் ஒரு ரிவால்வர் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, அரியலூரில் ஒரு நகைக்கடைக்குக் காவல் நின்றார். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது.

சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி கடைவீதியில் எதையும் விடாது. ஞாயிறுதோறும் அண்ணன் குண்டுகளை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டு, சிலிண்டரைத் திறந்து, துணி சுற்றிய குச்சியால் ஒவ்வொரு துளையாகத் துடைப்பார். உராயும் இடங்களுக்கு மட்டும் ஊசி முனையில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். அதையும் உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுவார்.

"தொடைக்கிறதுக்கு எதுக்குண்ணே போடுறீங்க?" என்று கேட்டேன்.

"மிச்ச எண்ணெ தூசியெக் கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்கும்டா. டீக்கடையில நீ ஆள் சேக்குற மாதிரி."

பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகள் ஆன சமயம். உரிமத்தைப் புதுப்பிக்க, விஜயதசமிக்கு மறுநாள் ரிவால்வரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இயங்காத துப்பாக்கிக்கு உரிமம் கிடையாது. உரிமம் இல்லாதவருக்குக் கடையில் வேலையும் கிடையாது.

ஆயுத பூஜையன்று அண்ணன் குண்டில்லாத ரிவால்வரைப் பலகையில் வைத்து, "ஒரு பொட்டு போதும்" என்று சொல்லிவிட்டுக் கடைப் பூஜைக்குப் போனார். அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் வைத்தது போக நிறையச் சந்தனம் மீந்திருந்தது. வீணாக்க மனமில்லாமல் முழுவதையும் அதன்மேல் அப்பினேன். அம்மன் மாதிரி இருந்தது. அண்ணன் திரும்பி வந்து பார்த்ததும் எடுத்துத் துடைக்கக் கையை நீட்டினார்.

"நாளைக்கு மறுபூசை போடாம எடுக்கக் கூடாதுங்க" என்று அண்ணி தடுத்தார். அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். சந்தனம் சந்துபொந்தெல்லாம் இறங்கிக் காய்ந்தது.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும், அண்ணன் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் நானே விசையை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. உதவி செய்வதாக எண்ணி விளக்கெண்ணெயை ஊற்றினேன். சந்தனம் களியாகிவிட்டது.

அண்ணன் வந்து பார்த்தார். "என்னடா இது?"

"எண்ணெ போட்டேன்ணே."

"வெளக்கெண்ணெ ஊத்த இதென்ன பச்சப்புள்ளையா? போய் மண்ணெண்ணெ எடுத்தா. நூல் பிரியாத துணி ஒண்ணும் கொண்டா."

நான் துணி தேடுவதற்குள் அவரே பீரோவிலிருந்து என் புதுவேட்டியை உருவி விரித்துவிட்டார்.

"அது தீபாவளிக்கு எடுத்ததுண்ணே."

"தெரியும்."

பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினார். குண்டைத் தட்டும் சுத்தி, விசை, சுருள்கம்பி என்று உள்ளே இருந்தவற்றைக் கழற்றிய வரிசையிலேயே வேட்டியில் அடுக்கினார். மண்ணெண்ணெயில் நனைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, உலர விட்டு, அதன்பிறகே தன் ஒற்றைச் சொட்டுகளை வைத்தார். அண்ணி பக்கத்தைவிட்டு நகரவில்லை. மூடித் திருகி விசையை இழுத்தபோது சிலிண்டர் ஒரு துளையளவு நகர்ந்து 'டக்'கென்று நின்றது. அதன்பிறகுதான் அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார்.

அடுத்த நாள் ஸ்டேஷனில் அதிகாரி விசையை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "என்னங்க, சந்தனம் மணக்குது?"

"பூசை போட்டோம் சார்" என்றார் அண்ணன். உரிமம் கிடைத்தது. மணம் என்னைக் காட்டிக்கொடுத்தாலும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

காவல் நின்ற காலம் முழுவதும் ஒருமுறைகூடச் சுட நேரவில்லை என்பதில் அண்ணனுக்குப் பெருமை உண்டு. சென்ற மாதம் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், திருச்சி மருத்துவமனையில் கண் மூடினார். வீட்டிலிருந்து காரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டிய நண்பருக்கும், உடனிருந்து பார்த்துக்கொண்ட மருமகன்களுக்கும், எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து நின்ற முதலாளிக்கும் குடும்பத்தார் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். பெயர்களை அச்சிட்டால் யாரையாவது விட்டுவிடுவேன் என்று அந்தப் பொறுப்பை என்னிடம் தரவில்லை.

உரிமம் அண்ணனோடு முடிந்துவிட்டதால், ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனவாரம் அண்ணி வெளியே எடுத்தார். மேலே லேசாகத் தூசி படிந்திருந்தது.

"அண்ணி, ஒரு சொட்டு எண்ணெ விட்டுக் குடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"அவரு போட்டதே இருக்கட்டும் தம்பி."